புகை போகிற பக்கம்

பாரென்ட் வீட்டு வெள்ளாவிக் கொட்டகையில் தீப்பிடித்த அன்று அந்த வருஷத்து வேலை கிட்டத்தட்ட முடிந்திருந்தது. கடைசித் துணிப் பொதியை ஹார்லெம் நகரத்துக்கு ஏற்றிப்போக நான் வண்டியைக் கொண்டுவந்து வெளுப்புக் களத்து வாசலில் நிறுத்தியிருந்தேன். கடல் பக்கத்திலிருந்து மணல்மேட்டைத் தாண்டி, தென்மேற்குக் காற்று விடியற்காலையிலிருந்தே ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. குதிரை காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றது. உள்ளே பாரென்ட் செப்புக் கொப்பரைக்கு அடியில் கரி தள்ளிக்கொண்டிருந்தான். சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிக்கட்டி அது. நின்று எரியும், நின்று புகையும்.

கூரையில் பொறி ஏறியதை முதலில் பார்த்தவள் அவன் மனைவி லைஸ்பெத்தான். அவள் கத்தவில்லை. களத்தில் துணிக்குத் தண்ணீர் இறைக்கிற நீளக் காம்பு அகப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஊருக்குத் திரும்பாமல் மிச்சமிருந்த களத்துப் பெண்களும் ஆளுக்கொரு அகப்பையோடு வாய்க்காலில் இறங்கினார்கள். கோடை முழுக்க வெள்ளைத் துணி மேல் மழைபோலத் தூவிப் பழகிய கைகள். அன்றைக்கு அந்தத் தண்ணீரைக் காற்றே திருப்பி அவர்கள் முகத்தில் அடித்தது. நாணல் கூரை அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை. உத்திரம் விழுந்தது, பக்கச் சுவர் விழுந்தது. சாம்பலுக்கு நடுவில் கொப்பரை மட்டும் கறுத்துப்போய், ஆனால் ஓட்டை இல்லாமல், உட்கார்ந்திருந்தது.

பாரென்ட் அதைச் சுற்றி வந்து முட்டியால் தட்டிப் பார்த்தான். மணிபோலச் சத்தம் வந்தது.

"கொப்பர நல்லா இருக்கு" என்றான்.

"ஆளும் நல்லா இருக்கோம்" என்றாள் லைஸ்பெத். "உள்ள போய் மூஞ்சக் கழுவுங்க. புருவம் ரெண்டும் கருகிப்போச்சு."

அவர்கள் இரண்டு பேரும் அப்படித்தான். எங்கள் ஓவர்வேன் ஊர்ப் பக்கத்தில் வெளுப்புக் களம் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். மணல்மேட்டிலிருந்து ஊறிவரும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், அதை நம்பித்தான் நாடெல்லாம் துணி இங்கே வருகிறது. மார்ச் மாதக் குளிர் விடும்போது பழுப்பு நிறத்தில் வந்து இறங்கும் லினன் துணி, சாம்பல் காரத்தில் வெந்து, புல்லில் விரிந்து, நனைந்து, காய்ந்து, மறுபடி வெந்து, புளித்த மோர்த் தொட்டியில் ஊறி, சோப்புப் போட்டுக் கசங்கி, கோடை முடிகிறபோது பனிபோலத் திரும்பிப் போகும். அந்த வேலையில் இந்த இருவருக்கும் நல்ல பேர். ஆனால் கடைசி இரண்டு வருஷமாக அந்தப் பேரில் புள்ளி விழ ஆரம்பித்திருந்தது. நிஜமாகவே புள்ளிதான். கொட்டகைப் புகை காற்றில் சாய்ந்து களத்தின் மேல் போகும்போது, கரித்தூள் ஈரத் துணியில் வந்து உட்கார்ந்துவிடும். கடுகைவிடச் சின்னது. ஆனால் வெள்ளைத் துணியில் கடுகு கண்ணுக்குப் படாமல் இருக்குமா?

அவர்கள் களத்துக்குப் பெரும்பகுதித் துணியை அனுப்புகிறவர் ஹார்லெம் வியாபாரி பவல்ஸ். போன கோடையில் ஒரு துணியைச் சூரிய வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அப்படியே லைஸ்பெத் கையில் கொடுத்தார். அதை மறுபடி முதலிலிருந்து வெளுக்க வேண்டியிருந்தது. இன்னொரு வருஷம் இப்படி என்றால் துணி ப்ளூமெண்டால் களங்களுக்குப் போகும் என்று, என் வண்டியில் வரும்போது என்னிடம் சொன்னார். என்னிடம் சொன்னால் அவர்களிடம் போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரியும்.

எரிந்த சாம்பல் ஆறியதும் பாரென்ட் தச்சன் துனிஸை வரச்சொன்னான். பழைய அஸ்திவாரச் செங்கல் வரிசை அப்படியே இருந்தது. அதன் நாலு மூலையிலும் துனிஸை முளையடிக்கச் சொன்னான். "எங்கப்பா போட்ட கல்லு. ஒரு கல்லுகூட அசையல" என்று துனிஸிடம் காட்டினான். துனிஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அளவெடுத்தான். லைஸ்பெத் மாட்டுத்தோல் போல் காய்ந்த கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தாள். ஏதோ சொல்ல வருவதுபோல் இருந்தது. பிறகு மோர்த் தொட்டியைக் கவிழ்க்கப் போய்விட்டாள்.

தண்ணீர் உறைய ஆரம்பித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் தம்பி கில்லிஸ் என் வண்டியில் ஏறி வந்தான். அவனுக்கும் இந்தக் களத்தில்தான் வேலை இருந்திருக்க வேண்டும். ஆனால் காரத் தண்ணீர் பட்டால் கை முழுக்க வெடித்துப் புண்ணாகிவிடும். அதனால் ஹார்லெமுக்குப் போய், செப்புத் தகட்டில் படம் கீறி அச்செடுக்கிறவரிடம் வேலை பழகி, இப்போது சொந்தமாகச் செய்கிறான். குடிசை, காற்றாலை, சுண்ணாம்புச் சூளை, கப்பல் பட்டறை என்று ஊரோரத்தில் இருப்பதையெல்லாம் கீறுவான். பெரிய தேவாலயத்துக்குப் பக்கத்தில் தாள் தாளாகத் தொங்கவிட்டு விற்பான். பாரென்டுக்கு அவனைப் பிடிக்கும், அவன் தொழிலைப் பிடிக்காது.

அன்றைக்கு உலர்பட்டாணிக் கஞ்சி. பன்றிக்கால் போட்டு, கரண்டி நிற்கிற பதத்துக்குக் கிண்டியது. கறுப்பு ரொட்டியும் வெண்ணெயும் நடுவில் இருந்தன. என்னையும் உட்காரச் சொன்னார்கள்.

"என்ன மாப்ளே, இப்ப எதக் கீறிக்கிட்டு இருக்க?" என்றான் பாரென்ட். "எங்க மாட்டுச் சாணியக் கீறிட்டியா?"

"அதுக்குத்தான் வந்தேன் அத்தான்" என்றான் கில்லிஸ். "சாணி இல்ல, உங்க களம். கோடையில ஒரு ஞாயித்துக்கிழம மணல்மேட்டு மேல உக்காந்து கீறினேன்ல? அச்சு எடுத்தாச்சு. அக்காவுக்கு மொதத் தாளு."

அவன் தோல் குழலிலிருந்து தாளை உருவி, கஞ்சிச் சட்டியைத் தள்ளிவிட்டு மேசையில் விரித்தான். நாங்கள் எல்லாரும் குனிந்தோம்.

நான் படங்களைப் பற்றி அதிகம் தெரிந்தவன் இல்லை. ஆனால் அதைப் பார்த்ததும் மேசைக்கு இன்னும் கிட்டே நகர்ந்தேன். உள்ளங்கை இரண்டை விரித்து வைத்த அளவுதான் தாள். அதில் எங்கள் பூமி முழுதும் இருந்தது. நடுவில் களம், நீள நீளமாக விரித்த துணிகள் வெறும் வெள்ளைக் காகிதமாக. குட்டி குட்டியாக வாய்க்கால்கள். கொட்டகையின் நாணல் கூரையில் ஒவ்வொரு கீறலும் ஒரு நாணல். தூரத்தில் ஹார்லெம் தேவாலயம், மேகம், பறவை. எரிந்துபோன கொட்டகை அங்கே முழுசாக நின்றிருந்தது.

லைஸ்பெத் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"டேய், என் கொட்டகைய எடம் மாத்தி வச்சிட்டியேடா."

"எங்க?"

"மணல்மேட்டு மேல ஒக்காந்து ஊரப் பாத்தா, கொட்டகை எந்தக் கைப்பக்கம் இருக்கும்? வலதுல. தெற்கால. நீ இடதுல வச்சிருக்க. மாட்டுத் தொழுவத்த வலதுல வச்சிருக்க. ரோட்டையும் தூக்கி அந்தப் பக்கம் போட்டுட்ட. குடிச்சிட்டுக் கீறினியா?"

"அச்சு அப்படித்தான்க்கா விழும். தகட்டுல நான் நேராத்தான் கீறுறேன். காகிதத்த வச்சு அழுத்தி எடுத்தா இடம் வலமாயிரும். முத்திரை குத்துறதில்லையா, அது மாதிரி."

"அப்ப தகட்டுலயே திருப்பிக் கீற வேண்டியதுதானே" என்றான் பாரென்ட்.

"தேவாலயம் வாசல்னா திருப்பிக் கீறுவேன் அத்தான். வாங்குறவன் கண்டுபிடிச்சிருவான். உங்க கொட்டகை வடக்கால இருக்கா தெற்கால இருக்கான்னு ஆம்ஸ்டர்டாம்காரனுக்கு என்ன கவல? அவன் செவுத்துல ஒட்டி வச்சுப் பாத்துட்டு, கிராமம்னா எவ்வளவு அமைதின்னு சொல்லிக்கிட்டுத் தூங்கிருவான்."

"அமைதியாம்ல" என்று பாரென்ட் ரொட்டியைப் பிய்த்தான். "அவன ஒரு நாள் கொப்பரக்கிட்ட நிக்கச் சொல்லு."

லைஸ்பெத் சிரிப்பை நிறுத்தியிருந்தாள்.

"புகை எங்கடா?"

"ஞாயித்துக்கிழம, அடுப்பு எரியல. இல்லாத புகைய எப்படிக் கீறுறது?"

அவள் எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். கரித்துண்டு ஒன்றோடு வந்தாள். கில்லிஸ் தாளைப் பிடுங்குவதற்குள், படத்தில் கொட்டகைப் புகைபோக்கியின் மேல் கையை வைத்துவிட்டாள்.

"அக்கா, அது மொதத் தாளு."

"எனக்குத்தானே குடுத்த." அவள் என்னைப் பார்த்தாள். "கிரேலிஸ் அண்ணே, மணல்மேட்டு மேல ஊரப் பாத்து நின்னா நம்ம காத்து எங்கருந்து வரும்?"

"வலது தோள் மேல, முதுகுப் பக்கமா" என்றேன்.

"வலது தோள்." அவள் படத்தின் இடது ஓரத்தில் நின்ற கொட்டகையிலிருந்து ஒரு கோடு இழுத்தாள். கரிக்கோடு இன்னும் இடதுபக்கமாகவே சாய்ந்து, தாளின் விளிம்பைத் தாண்டி மேசையில் விழுந்தது. களத்துத் துணி எதையும் அது தொடவில்லை.

கோடு போன பக்கம் எல்லாரும் குனிந்தோம். பாரென்ட் மட்டும் மென்றுகொண்டிருந்தான். பிறகு அவனும் நிறுத்தினான்.

"என்ன சொல்ல வர்ற?"

"கொட்டகைய வடக்கால கட்டுவோம்ங்க. தொழுவத்துக்குப் பக்கத்துல, ரோட்டோரம். புகை ரோட்டுக்குப் போகட்டும்."

"துனிஸ் முளையடிச்சாச்சு."

"முளையத்தானே அடிச்சிருக்கான். பிடுங்கினா வந்துரும்."

"இவன் தப்பா அச்சடிச்ச படத்தப் பாத்து நான் கட்டடம் கட்டணுமா? ஊர்ல என்ன சொல்லுவாங்க? பாரென்டுக்கு எடம் தெரியல, மச்சான் வந்து காகிதத்துல காட்டினான்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும். சொல்றவங்க துணியவா நாம வெளுக்கிறோம்?"

"தண்ணி தெற்கால வருது. மணல்மேட்டுல ஊறி, மொத வாய்க்கால்ல எறங்குற எடத்துல கொட்டகை இருக்கு. நீ வடக்கால கொண்டு போனா, களம் பூரா சுத்தி வந்த மிச்சத் தண்ணியத்தான் கொப்பரையில ஊத்தணும்."

"இப்ப கொட்டகைக் கழிவுத் தண்ணி களம் பூரா சுத்துது. அது நல்லாருக்கா?"

"அத்தான், படம் எதுக்குன்னா..." என்று கில்லிஸ் ஆரம்பித்தான்.

"நீ வாய மூடு" என்றார்கள் இரண்டு பேரும்.

பாரென்ட் கரண்டியைக் கீழே வைத்தான். "எங்கப்பா அந்த எடத்துல கட்டினார். முப்பது வருஷமா அங்கதான் துணி வெந்தது. அப்ப எங்கப்பா முட்டாளா?"

இதுதான் விஷயம் என்று எனக்குப் புரிந்தது. பாரென்ட் பத்து வயதில் அந்தக் கொப்பரைக்கு முன்னால் நின்றவன். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே கற்றது. லைஸ்பெத்துக்கும் அது தெரியும். அவள் குரலைத் தணித்தாள்.

"உங்கப்பா கட்டினப்ப களம் எங்க இருந்துச்சு? சொல்லுங்க."

அவன் கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டான். அவளே சொன்னாள்.

"கொட்டகைக்குத் தெற்கால. மணல்மேட்டு அடிவாரத்துல ரெண்டே ரெண்டு துண்டு. புகை வடக்கால, மாடு மேயுற எடத்து மேல போச்சு. யாருக்கும் தொந்தரவில்ல. அவர் சரியாத்தான் வச்சார். அப்புறம் அந்தக் களத்த மணல் மூடிருச்சு. வடக்கால இருந்த மேச்சலையெல்லாம் வாங்கிக் களமாக்கினது யாரு?"

"நான்."

"அதான்."

"அப்ப தப்பு என்னுதா?"

"வளந்தது தப்பாங்க?" என்றாள் லைஸ்பெத். "களம் நகந்துருச்சு. கொட்டகை நகரல. அவ்வளவுதான்."

பாரென்ட் எழுந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறேன் என்று வெளியே போனான். மாட்டுக்கு அப்போதுதான் காட்டியிருந்தது.

அந்த வாரமெல்லாம் அவர்கள் பேச்சு "உப்ப எடு", "கதவச் சாத்து" என்ற அளவில் நின்றது. துனிஸ் இரண்டு தடவை வந்து, மரம் அறுக்கவா வேண்டாமா என்று கேட்டுவிட்டுப் பீர் குடித்துப் போனான். நான் மரம் ஏற்றி வந்தபோது, எந்தப் பக்கம் இறக்குவது என்று தெரியாமல் நடு வாசலில் இறக்கினேன். இரண்டு பேரும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

காற்று மறுபடி தென்மேற்கில் திரும்பிய நாள் லைஸ்பெத் தன் வீட்டுப் படுக்கை விரிப்புகளை எல்லாம் அள்ளிக்கொண்டு களத்துக்குப் போனாள். கல்யாணத்துக்கு அவள் அம்மா கொடுத்தவையும் அதில் இருந்தன. உறைந்த புல்லில் வரிசையாக விரித்து, மூலைக்கு மூலை கல் வைத்தாள். தண்ணீர் தூவினாள். பிறகு பழைய அஸ்திவாரத்தில் ஈர வைக்கோலும் கரிக்கட்டியும் போட்டுக் கொளுத்தினாள். கரும்புகை தரையோடு தரையாகச் சாய்ந்து களத்தின் மேல் ஓடியது. கொஞ்ச நேரம் பொறுத்து அதை மண் போட்டு அணைத்தாள். விரிப்புகளை எடுத்துவிட்டு வேறு விரிப்புகளைப் போட்டாள். வடக்கு மூலைக்கு வந்து, தொழுவத்துக்கு எட்ட, அதேபோல் இன்னொரு தீ மூட்டினாள். அவளுக்கு உதவ யாரும் இல்லை. நான் வண்டியிலிருந்து இறங்கினேன். "நீங்க நில்லுங்க அண்ணே, நான் செஞ்சதா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

பாரென்ட் மணல்மேட்டு உச்சியில் நின்றிருந்தான். கில்லிஸ் உட்கார்ந்து படம் கீறிய அதே இடம் என்று நினைக்கிறேன். கைகளைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு, முதல் புகையையும் பார்த்தான், இரண்டாவது புகையையும் பார்த்தான். பிறகு சரிவில் காலைச் சறுக்கிக்கொண்டு இறங்கி வந்தான். களத்தில் நடந்து, முதலில் எடுத்துப் போட்ட விரிப்பைத் தூக்கிப் பார்த்தான். புல்லில் கிடந்ததைக் குனிந்து தடவிப் பார்த்தான். அவள் தீயருகில் நின்றபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க கட்டினா நாணல் கூரை போட முடியாது" என்றான் அவன். "தொழுவம் பக்கத்துல இருக்கு. ஒரு பொறி போதும். ஓடு போடணும்."

"போடுவோம்."

"தண்ணிக்கு வாய்க்கால் கடைசியில ஒரு குளம் வெட்டணும். தெளிஞ்சு வரட்டும். அது என் பொறுப்பு, நீ அதுல தலையிடாத."

"தலையிடல."

"அந்த விரிப்பு உங்கம்மா குடுத்ததா?"

"ஆமா."

"கரியாயிருச்சு."

"வெளுத்துக்கலாம்" என்றாள். "வெளுக்கிறவங்கதானே நாம."

அன்று மாலையே அவன் போய் துனிஸைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

பனிக்காலம் முழுக்க வேலை நடந்தது. வாய்க்கால் உறைந்திருந்ததால் கொப்பரையைச் சறுக்கு மரத்தில் வைத்து, பனிக்கட்டி மேலேயே தெற்கிலிருந்து வடக்குக்கு இழுத்தோம். என் குதிரைக்குக் குளம்பில் ஆணி வைத்த லாடம் அடிக்க வேண்டியிருந்தது. பாரென்ட் முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தான். லைஸ்பெத் பின்னால் தள்ளினாள். நடுவில் ஒரு இடத்தில் பனி படாரென்று கீறல் விட்டது. எல்லாரும் அசையாமல் நின்றோம். பிறகு பாரென்ட், "தள்ளுங்கப்பா, நின்னா முழுகிரும்" என்றான். கொப்பரை கரை ஏறியதும் அடுப்பங்கரையிலிருந்து சூடான பீரும் ஜாதிக்காய் தூவிய அப்பமும் வந்தன. பழைய அஸ்திவாரச் செங்கல்லைப் பாரென்ட் தானே பெயர்த்து, ஒவ்வொன்றாகச் சுண்ணாம்பு சுரண்டி, புதுச் சுவருக்கு அடுக்கினான். ஒரு கல்லையும் வீணாக்கவில்லை.

வசந்தம் வந்தது. களத்துப் பெண்கள் நாட்டு எல்லைக்கு அப்பாலிருந்து மூட்டையோடு வந்து இறங்கினார்கள். கொட்டகை இடம் மாறியிருப்பதைப் பார்த்து, "கிறுக்குப் பிடிச்சிருச்சா இவங்களுக்கு" என்று தங்கள் பாஷையில் சொல்லிச் சிரித்தார்கள். பவல்ஸின் துணியும் வந்தது. இந்தத் தடவை நல்ல சன்னத் துணி. புள்ளி விழுந்தால் மறைக்க முடியாத ரகம். சோதிக்கத்தான் அனுப்பியிருந்தார்.

முதல் வேகவைப்பு நன்றாக நடந்தது. துணியைப் புல்லில் விரித்தார்கள். இரண்டாவது பொதியைக் கொப்பரையில் இறக்கி, தீ நன்றாகப் பிடித்த பிறகுதான் காற்று திரும்பியது.

எங்கள் ஊரில் வசந்தத்தில் சில நாள் வடகிழக்கிலிருந்து கீழ்க்காற்று வரும். வறண்டது, குளிர்ந்தது. பல்லைக் கூசவைக்கும். எல்லாருக்கும் அது தெரியும். ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க மேற்குக் காற்றைப் பற்றியே பேசிப் பேசி, யாரும் அதை நினைக்கவில்லை. ரோட்டின் மேல் போய்க்கொண்டிருந்த புகை தயங்கி, நிமிர்ந்து, மெல்ல வளைந்து, களத்தின் மேல் சாய்ந்தது.

லைஸ்பெத் மோர்த் தொட்டியருகில் நின்றிருந்தாள். கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெறுமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்து ரோட்டில் பவல்ஸின் வண்டி வந்து நின்றது.

பவல்ஸ் இறங்கி, கறுப்பு அங்கியைச் சரிசெய்துகொண்டு, அண்ணாந்து புகையைப் பார்த்தார். புகை போகிற வழியைக் கண்ணாலேயே தொடர்ந்து, களத்தில் விரிந்திருந்த தன் துணிக்கு வந்து சேர்ந்தார்.

"பாரென்ட்" என்று கூப்பிட்டார். "புதுசாக் கட்டியும் புகை துணி மேலதான் போகுது. இதுக்கா இந்தப் பாடு?"

லைஸ்பெத் வாயைத் திறந்தாள். அவளுக்கு முன்னால் பாரென்ட் கொட்டகையிலிருந்து வெளியே வந்துவிட்டான். கையில் கரிமூடிய மண்வெட்டி. அவன் பவல்ஸைப் பார்க்கவில்லை. களத்தைப் பார்த்துக் கத்தினான்.

"சுருட்டுங்க. எல்லாத்தையும் சுருட்டுங்க. வடக்கு வரிசையிலருந்து."

பெண்கள் ஓடினார்கள். ஈரத் துணி கல் மாதிரி கனக்கும். இரண்டு பேர் முனையைப் பிடித்துச் சுருட்ட, ஒருத்தி தோளில் வாங்கித் தொழுவத்துக்குள் கொண்டுபோனாள். லைஸ்பெத்தும் போனாள், நானும் போனேன். பாரென்ட் திரும்பி உள்ளே போய் அடுப்பிலிருந்து எரிகிற கரியை வாரி வாரி வெளியே மணலில் கொட்டினான். கொப்பரையில் துணி பாதி வெந்த நிலையில் இருந்தது. காரம் ஆறினால் துணியில் மஞ்சள் ஏறும், அதைப் போக்க வாரக்கணக்கில் ஆகும். பவல்ஸுக்கும் அது தெரியும். நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுப்பு அணைந்ததும் பாரென்ட் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரிடம் வந்தான்.

"ஐயா, இன்னிக்குக் காத்து தப்பு. கொட்டகை சரி."

"அப்படியா?"

"கீழ்க்காத்து வருஷத்துல கொஞ்ச நாளு. வந்தா அடுப்ப அணைச்சிட்டு ஒக்காந்துருப்போம், துணியக் கசக்குவோம், வேற வேலை இருக்கு. மேக்காத்து மத்த நாளு பூரா. பழைய எடத்துல கொட்டகை இருந்தா வருஷம் பூரா அடுப்ப அணைச்சிட்டு ஒக்காந்துருக்கணும்." அவன் மண்வெட்டியைத் தரையில் ஊன்றினான். "என் வீட்டுக்காரி பாத்து வச்ச எடம். நானும் நின்னு பாத்தேன். இதவிட நல்ல எடம் இந்தக் களத்துல கெடையாது. உங்களுக்கு நம்பிக்கை இல்லன்னா துணிய இப்பவே கிரேலிஸ் வண்டியில ஏத்திக் குடுக்கிறேன்."

நான் என் குதிரையைப் பார்த்தேன். இந்தப் பேச்சில் என் வண்டி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பவல்ஸ் தொழுவத்துக்குள் போனார். சுருட்டின துணிகளில் ஒன்றை அவிழ்த்து, வாசல் வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்தார். இன்னொன்றையும் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கொப்பரையில இருக்கிறதுல மஞ்சள் ஏறினா?"

"எடுத்துருவோம்" என்றாள் லைஸ்பெத். "இன்னிக்கு ராத்திரிக்குள்ள மோர்ல போட்டுருவோம். ஏறவிட மாட்டோம்."

"சரி. கோடை முடியட்டும், பாப்போம்" என்று சொல்லிவிட்டு அவர் வண்டி ஏறினார். துணி இருந்த இடத்திலேயே இருந்தது.

அன்று சாப்பாட்டுக்கு மோர்க்கஞ்சியும் உப்பிட்ட மீனும். எல்லாருக்கும் தோள் கழன்று போயிருந்தது. லைஸ்பெத் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

"கீழ்க்காத்த நான் நெனக்கவே இல்லங்க."

"நானும்தான் நெனக்கல."

"நீங்க சொன்ன மாதிரி பழைய எடத்துலயே..."

"நான் என்ன சொன்னேன்?"

"பழைய அஸ்திவாரம்னு."

"அது போன வருஷம் சொன்னது" என்றான் பாரென்ட். "இந்த வருஷம் அப்படிச் சொல்லல. சாப்பிடு, ஆறிப்போகுது."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு தட்டை இழுத்துவைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டாள்.

கீழ்க்காற்று சில நாள் நீடித்தது. அத்தனை நாளும் அடுப்பு மூட்டவில்லை. கொப்பரைத் துணியை மோரில் போட்டு, கசக்கி, மறுபடி மோரில் போட்டார்கள். மஞ்சள் ஏறியிருந்தது, ஆனால் ஆழமாக இல்லை. பக்கத்துப் பண்ணைகளில் இருந்த புளித்த மோரெல்லாம் என் வண்டியில்தான் வந்தது. வண்டியே அந்த வாடை அடித்தது. என் மனைவி என்னைக் கொல்லையிலேயே நிறுத்திக் குளிக்கச் சொன்னாள்.

பிறகு ஒரு காலை, வானம் தாழ்ந்து, காற்றில் உப்பு வாடை வந்தது. நான் களத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பாரென்ட் ஏற்கெனவே எழுந்து அடுப்பு மூட்டியிருந்தான். லைஸ்பெத் அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள், தலையில் துணி கட்டாமல். ஓட்டுக் கூரைக்கு மேலே புகை எழும்பி, வடக்கே திரும்பி, ரோட்டைத் தாண்டிப் போயிற்று. களத்தில் பெண்கள் துணிகளை விரித்துக்கொண்டு போனார்கள். ஒன்றன் பின் ஒன்றாக, புல் தெரியாமல் போகிற வரை.

அந்தக் கோடை அப்படியே போயிற்று. கீழ்க்காற்று இன்னும் ஒருமுறை வந்தது. வந்தபோது அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து உடைந்த அகப்பைகளுக்குக் காம்பு போட்டார்கள். பவல்ஸ் வந்து துணியைச் சூரியனுக்கு நேரே பிடித்தார், மடித்தார். அடுத்த வருஷத்துக்கு இன்னொரு வியாபாரியின் துணியையும் சேர்த்து அனுப்பலாமா, இடம் இருக்குமா என்று கேட்டார். பாரென்ட் லைஸ்பெத்தைப் பார்த்தான்.

"இருக்கு" என்றாள் அவள். "தெற்கால பழைய கொட்டகை இருந்த எடமும் இப்ப களம்தான்."

வெளுத்து முடிந்த துணியை ஏற்ற நான் வண்டியைக் கொண்டுபோன அன்று நல்ல மேற்குக் காற்று. பழக்கப்படி களத்து வாசலில், ரோட்டோரம் நிறுத்தினேன். பெண்கள் முதல் பொதியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கொட்டகையிலிருந்து பாரென்ட் தலையை நீட்டினான்.

"யோவ் கிரேலிஸ், எங்க நிறுத்தியிருக்க?"

"எப்பவும் நிறுத்துற எடத்துலதான்."

"மேல பாருய்யா."

பார்த்தேன். புகை மொத்தமும் என் தலைக்கு மேல் இருந்தது. குதிரை தும்மியது.

"தெற்கால ஓட்டிட்டுப் போங்க" என்றாள் லைஸ்பெத், பொதியைத் தோளில் இருந்து இறக்காமலே. "கோடை பூரா காப்பாத்துன துணி. உங்க வண்டியில கரியாக வேணாம்."

நான் கடிவாளத்தைப் பிடித்துக் களத்தைச் சுற்றிக்கொண்டு தெற்கே போனேன். பாரென்டும் லைஸ்பெத்தும் பொதிகளோடு பின்னால் வந்தார்கள், நான் எங்கே நிற்கப்போகிறேன் என்பதைப் பற்றித் தங்களுக்குள் விவாதம் பண்ணிக்கொண்டே.